பின்னால் நின்ற அண்ணாமலை

நீங்கள் அடுத்து எந்த லென்ஸ் வாங்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேமராவோடு வந்த லென்ஸை வைத்து ஆறு மாதம் ஓட்டியிருப்பீர்கள். பிறகு யாருடைய கல்யாண ஆல்பத்திலோ மணப்பெண்ணின் கண் மட்டும் பளிச்சென்று தெரிய, பின்னால் மண்டப விளக்கெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு உங்கள் நிம்மதி போயிருக்கும். எண்பத்தைந்து எம்.எம்., ஒன்று புள்ளி எட்டு. மிரர்லெஸ் கேமராவுக்கென்றே வந்த சின்ன லென்ஸ். ஜூம் கிடையாது, கனம் கிடையாது, டீ கிளாஸ் உயரம்தான் இருக்கும். முகத்தை எடுக்க அதைப் போல ஒன்று கிடையாது. வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. தடுத்தால் மட்டும் கேட்கப்போகிறீர்களா என்ன?

சந்தவாசலில் நான் நடத்திய ஸ்டுடியோவை இப்போது நீங்கள் மூன்று பேர் நடத்துகிறீர்கள். முழங்கால் தேய்ந்து, கோயில் படி ஏற முடியாமல் போனதால் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கம்மா, எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். பரிசு வாங்கிய படம், அமைச்சர் வந்த கல்யாணம் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த வேலையை நான் மிக நன்றாகச் செய்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

கொரோனா ஓய்ந்து விசேஷங்கள் மறுபடியும் தொடங்கியிருந்த சமயம். அந்த லென்ஸை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் வழியில் ஒரு மலை ஊரில் காதுகுத்து. குழந்தையின் பெயர் தர்ஷினி, இரண்டரை வயது. அவளுடைய தாய்மாமன் ஏழுமலைதான் என்னை அழைத்திருந்தான். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வானாய்வு மையத்தில் தோட்ட வேலை செய்பவன், சுறுசுறுப்பான பையன், தங்கை மகள் என்றால் உயிர். பொம்பளை போட்டோகிராபர் வந்தால் வீட்டுப் பெண்கள் கூச்சப்படாமல் நிற்பார்கள் என்று மலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

காதுகுத்து யாருடைய விசேஷம் என்று உங்களுக்குத் தெரியும். தாய்மாமனுடையது. சீர்வரிசை அவனுடையது, புதுத்துணி அவனுடையது, மடியும் அவனுடையது. குழந்தை அவன் மடியில் உட்காரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்வாள். அப்பா எங்கே நிற்பார்? பின்னால் நிற்பார். இத்தனை வருடத்தில் நான் எடுத்த எத்தனையோ காதுகுத்தில் அப்பாவுக்கு அதுதான் இடம். அதை நான் யோசித்ததே இல்லை.

தர்ஷினியின் அப்பா பெயர் அண்ணாமலை. சாமை போட்டு, புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்கிப் பிழைப்பவர். அன்று முழுக்க அவர் தண்ணீர்க் குடத்தோடும் விறகோடும் அலைந்துகொண்டிருந்தார். காது குத்தும் நேரத்துக்குத்தான் ஓடி வந்து, ஏழுமலைக்கு ஒரு முழம் பின்னால், தோளில் துண்டோடு நின்றார்.

என் புது லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா தானாகவே குழந்தையின் கண்ணைத் தேடிப்பிடித்து, அதன்மேல் சின்னக் கட்டம் போட்டுக்கொள்ளும். கண் இமை முடிவரை கூர்மையாக விழும். இரண்டு விரற்கடை பின்னால் போனால் மங்கல். ஒரு முழம் பின்னால் போனால் வெறும் நிறம். எனக்கு அது போதையாக இருந்தது. குழந்தையின் கன்னத்தில் கண்ணீர்த் துளி நின்றதை எடுத்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்ததை எடுத்தேன். எடுத்ததை எல்லாம் கேமராவின் சின்னத் திரையில் பார்த்துப் பார்த்து நானே பூரித்துப்போனேன்.

இன்னொன்றும் செய்தேன். சுற்றி நின்றவர்கள் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், உங்களுக்குத்தான் தெரியுமே. "போனை எல்லாம் உள்ளே வைங்க. நான் எதுக்கு வந்திருக்கேன்? எல்லாப் படமும் நான் தர்றேன்" என்று கத்தினேன். பாவம், எல்லோரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும் பழைய லென்ஸை மாட்டினேன். அதில் அண்ணாமலை கடைசி ஆளாக ஓரத்தில் நின்றார். நான் பட்டனை அழுத்திய நேரத்தில் சோற்றுப் பானை பக்கம் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பிவிட்டார். படத்தில் அவருடைய ஒரு காதும் பிடரியும்தான் இருக்கின்றன. "இன்னொன்று எடுக்கலாம், எல்லோரும் நில்லுங்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை நன்றாக இருந்தாள், அதனால் விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து நான் பையைக் கட்டும்போது அண்ணாமலை தயங்கித் தயங்கி வந்தார்.

"யம்மா, ஒண்ணே ஒண்ணு. நானும் பாப்பாவும் மட்டும் நிக்கற மாதிரி எடுக்கறீங்களா?"

"அதுக்கென்ன, வாங்க."

அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவள் என்னைப் பார்த்து முன்னால் சாய்ந்தாள். அவர் சிரித்தார். இரண்டே இரண்டு முறை அழுத்தினேன். திரையில் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. உள்ளங்கையில் பாதி அளவுத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

ஆல்பம் வாங்க அவரே சந்தவாசலுக்கு இறங்கி வந்தார். கடை மேசையில் நின்றபடி ஒவ்வொரு பக்கமாக, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார்.

"பாப்பா சூப்பரா கீது. நான் மட்டும் எல்லாத்துலயும் பொகையா கீறேனே?"

"அதுதாங்க இப்போ ஸ்டைல். குழந்தையை எடுத்துக் காட்டறதுக்காகப் பின்னால இருக்கறதை அப்படி விடறது."

"அப்டியா? சரி. பாப்பா நல்லா கீதில்ல, அது போதும்" என்று சிரித்துக்கொண்டே ஆல்பத்தைத் துண்டில் சுற்றினார். சுற்றுவதற்கு முன் அவரும் பாப்பாவும் நிற்கும் அந்தக் கடைசிப் படத்தை மறுபடியும் ஒரு தடவை திறந்து பார்த்தார். அவளுடைய மூக்குத்துளை வரை தெளிவாக இருந்தது. அவளுக்கு ஒரு சாண் பின்னால் இருந்த அவர் முகத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழலும், வாய் இருக்கும் இடத்தில் ஒரு வெளுப்பும்.

பக்கத்து அறையில் விளக்கு இருந்தது, திரை இருந்தது, ஸ்டூல் இருந்தது. "உட்காருங்க, உங்களை ஒண்ணு எடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. கடையில் அப்போது கூட்டம்கூட இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அவர் குறை சொல்லிவிட்டாரே என்ற எரிச்சல்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த புளி சீசனில் அவர் மரத்திலிருந்து விழுந்தார். வேலூர் கொண்டுபோகும் வழியில், அமிர்தி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டதாம். எனக்கு அது தெரியவந்தது ஒன்பதாம் நாள். அவருடைய மனைவி சாந்தியும் ஏழுமலையும் கடைக்கு வந்தார்கள். சாந்தியின் நெற்றியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஏழுமலைதான் பேசினான். "கருமாதிக்கு மச்சான் போட்டோ வேணும்மா. பெருசா, ஃபிரேம் போட்டு."

இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். இருக்கிற படத்தில் முகத்தை வெட்டி எடுப்போம், வெள்ளைச் சட்டை போடுவோம், நீலப் பின்னணி வைப்போம், பிறப்பு இறப்பு எழுதுவோம். "ஆதார் கார்டு கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். கொடுத்தான். அதில் இருந்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"இது அவரு தம்பி மாதிரி கீது" என்றாள் சாந்தி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கல்யாணம் மலைக் கோயிலில் எளிமையாக நடந்ததாம். அதைப் படம் எடுத்த போன் என்றைக்கோ கெட்டுப்போய்விட்டது. அண்ணாமலை வைத்திருந்தது பட்டன் போன். "அதான் நீங்க காதுகுத்துக்கு அவ்ளோ எடுத்தீங்களே, அதுலேர்ந்து போடுங்க" என்றான் ஏழுமலை. அவர்களை உட்காரவைத்துவிட்டு ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழந்தை, குழந்தை, ஏழுமலை, சாந்தி, குழந்தை. எல்லாவற்றிலும் பின்னால் ஒரு பழுப்பு நிறம், ஒரு துண்டின் வெள்ளை. பெரிதாக்கினால் இன்னும் கரைந்தது. முந்நூற்றுச் சொச்சம் படத்தில் அண்ணாமலைக்கு முகமே இல்லை.

ஏழுமலை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவன் குரல் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? நான் வேலை செய்யற எடத்துல ராத்திரி ராத்திரி ஒக்காந்து எங்கியோ வானத்துல கீறதையெல்லாம் தெளிவா எடுக்கறாங்க. நாலடில நின்ன ஆள எடுக்க முடியலயா உங்களால?"

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணலாம், ரெண்டு நாள் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். நெருக்கடி வரும்போது நம் வாயில் முதலில் வருவது இந்த ஒரு வாக்கியம்தான்.

சரி பண்ணத்தான் செய்தேன். மங்கலைத் தெளிவாக்கும் மென்பொருள் இப்போது உங்களிடமும் இருக்கிறது. அப்பாவும் மகளும் நிற்கும் படத்தை அதில் போட்டேன். சில நிமிடத்தில் முகம் வந்தது. புருவம், இமை, வரிசையான பல், கன்னத்தில் தோலின் நுணுக்கம் உட்பட எல்லாம் வந்தது. அழகான ஆள். மறுபடியும் போட்டேன், வேறு மூக்கோடு வேறு ஆள் வந்தார். மூன்றாவது முறை மூன்றாவது ஆள்.

இதில் எது அண்ணாமலை? அரை நாள் என் கண்ணெதிரே நடமாடியவர், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு பேசியவர். எவ்வளவு யோசித்தும் அவர் முகம் எனக்கு வரவில்லை. துண்டு நினைவில் இருந்தது, குரல் நினைவில் இருந்தது. முப்பது வருடமாக முகத்தை எடுத்துப் பிழைத்தவள் நான். அன்று அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? முதலில் வந்த முகத்தையே எடுத்து, சட்டை போட்டு, பிரிண்ட் போட்டேன். துக்க வீட்டில் மூக்கு சரியா, கண் சரியா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் இருவரும் வந்தார்கள். படத்தை ஏழுமலை கையில் வாங்கி, "ம், இது நல்லா கீது" என்று அக்கறையாகத் துடைத்துத் தங்கையிடம் கொடுத்தான். சாந்தி மடியில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள், இது யார் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்து, மிகச் சின்னக் குரலில், "இப்டித்தான் இருந்தாரா, அண்ணா?" என்றாள்.

பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுடைய நினைவையே அவள் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நான் சும்மா இருந்தால் போதும், அவள் அந்த ஆளை ஏற்றுக்கொண்டுவிடுவாள். வீட்டில் மாட்டுவாள், தினமும் விளக்கு வைப்பாள். தர்ஷினி வளர்ந்து அதைத்தான் அப்பா என்று பார்ப்பாள். பிறக்கவே பிறக்காத ஒருவனை அந்தக் குழந்தைக்கு அப்பாவாகக் கொடுத்த பாவம் என்னுடையதாக இருக்கும்.

"அது அவர் இல்லம்மா" என்றேன். "மிஷின் போட்ட முகம். அவர் முகம் என் படத்துல விழவே இல்ல. நான்தான் சரியா எடுக்கல."

ஏழுமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேசறீங்க? கருமாதிக்கு அஞ்சு நாள்தான் கீது. எத்த வச்சி மாலை போடறது? அன்னிக்கு போனெல்லாம் உள்ள வைங்கன்னு சொன்னதே நீங்கதான?"

"ஆமாம்ப்பா. நான்தான் சொன்னேன்."

அதற்குமேல் அவனால் திட்ட முடியவில்லை. வெளியே போய் வண்டியின்மேல் உட்கார்ந்துகொண்டான். சாந்தி அந்தப் படத்தைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"வேற எதுனா கீதாம்மா? நல்லா இல்லன்னா கூட பரவால்ல. கெட்டுப்போனது, கோணலா எடுத்தது, எதுனா."

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நான் "இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் அவள் கேட்ட விதத்தில், அதுவரை நான் என்னிடமே ஒளித்துவைத்திருந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது.

காதுகுத்து முடிந்து மலையிறங்கும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேமராவிலேயே படங்களைக் கழித்தேன். நாம் எல்லோரும் செய்வதுதான். குழந்தையின் கண் மங்கலாக இருந்தால் குப்பைப் பட்டன். குழந்தை திரும்பியிருந்தால் குப்பைப் பட்டன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பத்து இருபது போயிருக்கும். குழந்தை திரும்பும்போது கேமரா என்ன செய்யும்? வேறு கண்ணைத் தேடும். பின்னால் நிற்பவரின் கண்ணைப் பிடிக்கும். அண்ணாமலை தெளிவாக விழுந்த படங்கள் எவை உண்டோ, அவற்றை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அழித்தது நானே. அந்தக் கார்டில் அதற்குப்பின் எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. மீட்கும் மென்பொருளையும் அந்த இரண்டு நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். யார் யாருடைய ரிசப்ஷனோதான் வந்தது.

இதை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவளுக்கு லென்ஸும் கார்டும் புரிந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் சரியாகப் புரிந்தது.

"அழிச்சதுல அவரு நல்லா இருந்தாரா?"

"ஆமாம்மா. ஒண்ணு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அழிக்கும்போது விரல் கொஞ்சம் நின்னுது."

"இன்னா பண்ணினு இருந்தாரு?"

சொன்னேன். இரண்டாவது காது குத்தும்போது குழந்தை துள்ளித் திரும்பினாள். ஏழுமலை குனிந்து அவளை இறுக்கிப் பிடித்தான். அவள் அவன் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் பின்னால் நின்ற அப்பாவிடம் நீட்டினாள். படத்தில் அவளுடைய மொட்டைத் தலையின் பின்பக்கம்தான் தெரிந்தது. அண்ணாமலை துண்டின் முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு கை அவளை நோக்கிப் பாதி வந்து, மாமன் மடியிலிருந்து எடுக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே நின்றிருந்தது. குழந்தை முகம் தெரியவில்லை என்பதால் அதை அழித்தேன்.

சாந்தி அசையாமல் கேட்டாள். "அழுதாரா?" என்றாள். "நான் முன்னாடி தலைய புடிச்சினு இருந்தேன். திரும்பிப் பாக்கல. என்னாண்ட சொல்லவே இல்ல. சாயங்காலம் கேட்டதுக்குக்கூட, நானா, நான் எதுக்கு அழறேன்னாரு."

பிறகு அவள் அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு யோக்கியதை இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் மங்கலான படத்தையே கேட்டாள். அவர் மகளைத் தூக்கி வைத்திருப்பது. "இதுல தெரியலன்னாலும், நிக்கறது அவருதான" என்றாள். அதைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். நீலப் பின்னணி வைக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. ஏழுமலை என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியை எடுத்தான். அவனுடைய கோபம் இன்றுவரை தீரவில்லை என்று கேள்வி. தீரவும் வேண்டாம்.

வண்டியில் ஏறுவதற்கு முன் சாந்தி திரும்பி வந்தாள். "பாப்பா கொஞ்சம் பெருசாவட்டும். இங்க இட்டுனு வர்றேன். அவரு அழுதத நீங்களே அதுக்குச் சொல்லுங்க. நான் பாக்காதத நான் எப்டிச் சொல்றது?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இதற்குப் பிறகு நான் இரண்டு பேர் நிற்கும் எந்தப் படத்தையும் அந்த லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்ததில்லை. விசேஷம் எதுவானாலும் பின்னால் நிற்பவரை முன்னால் கூப்பிட்டுத் தனியாக ஒன்று எடுப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்து எதையும் கழித்ததில்லை. உங்களுக்கு நான் கொடுத்த அலமாரியில் ஏன் இத்தனை ஹார்டு டிஸ்க் என்று நீங்கள் சிரித்தீர்களே, அவற்றில் இருப்பது முழுக்கக் கழிவுப் படங்கள்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தர்ஷினி இன்னும் வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. இன்னும் சில வருடம் ஆகலாம், வராமலேயே போகலாம். எனக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இருக்கிறது. அவள் வரும்போது கடையில் இருக்கப்போவது நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். சந்தவாசல் கடைக்கு மலையிலிருந்து ஒரு பெண் வந்து, அப்பாவைப் பற்றிப் போட்டோக்காரம்மா எதுவோ சொல்வார் என்றார்களே என்று கேட்டால், உட்காரவைத்துச் சொல்லுங்கள். உனக்குக் காது குத்தியபோது உன் அப்பா பின்னால் நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், நீ கை நீட்டினாய், அவரும் கை நீட்டினார் என்று சொல்லுங்கள். முகம் எப்படி இருந்தது என்று கேட்பாள். தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் ஆள்தான் அழித்துவிட்டாள் என்று சொல்லுங்கள். அதற்குமேல் நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள்.